கர்னல் பிக்காரும் ஒரு பியூன் புத்தகமும்

திரேஃபுஸ் வழக்கு என்றதும் பலருக்கும் எமில் ஸோலாவின் பெயர்தான் நினைவுக்கு வரும். 1898-இல் பிரான்சின் ஜனாதிபதிக்கு அவர் பத்திரிகையில் எழுதிய பகிரங்கக் கடிதம் அவ்வளவு புகழ் பெற்றது. ஆனால் இன்று நான் எழுத உட்கார்ந்தது ஸோலாவைப் பற்றி இல்லை. அதே வழக்கில், பாரிஸில் ஒரு ராணுவ அலுவலகத்தில், கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரியைப் பற்றி. பெயர் ஜார்ஜ் பிக்கார். ஏறக்குறைய அறுபது வருஷமாக எனக்கு அவரைத் தெரியும். என் உத்தியோக வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவர் என்னைத் தூங்கவிடாமல் செய்தார். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தெருவில் கொடி மாறியது, தபால்தலை மாறியது, எங்கள் வகுப்பில் மட்டும் எதுவும் மாறவில்லை. லுவார் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் கலக்கிறது என்று ஒப்பிப்போம். சங்கராபரணி ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் விழிப்போம். அந்த வகுப்பில்தான் எங்கள் வரலாற்று மிசியே ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு திரேஃபுஸ் கதையைச் சொன்னார். மூன்று நாள் சொன்னார். புத்தகத்தில் அது அரைப்பக்கம்கூட இருக்காது.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1870-71 போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று அல்சாஸ் பகுதியை இழந்தது. அந்த அவமானம் ராணுவத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்த காலம். பாரிஸில் போர் அமைச்சகத்துக்குள் ஒற்றர்களைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய பிரிவு இருந்தது. அதற்கு வைத்த பெயர் 'புள்ளியியல் பிரிவு'. அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் வைக்கும் சாமர்த்தியம் புரியும். ஜெர்மன் தூதரகத்தில் பெருக்கித் துடைக்கும் ஓர் அம்மாள் அங்குள்ள குப்பைக்கூடைக் காகிதங்களைச் சேகரித்து இந்தப் பிரிவுக்குக் கொடுத்துவந்தாள். கிழிந்த துண்டுகளை இங்கே ஒட்டிப் படிப்பார்கள்.

1894 செப்டம்பரில் அப்படி வந்த ஒரு காகிதம் எல்லாரையும் கலக்கியது. பிரெஞ்சு ராணுவ ரகசியங்களை ஜெர்மனிக்குத் தருவதாக எழுதிய ஒரு பட்டியல். கையெழுத்துப் போடவில்லை. இதை எழுதியவன் தலைமை அலுவலகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். எழுத்து ஒத்துப்போகிறது என்று காப்டன் ஆல்ஃபிரே திரேஃபுஸ் மேல் விரல் நீண்டது. அல்சாஸ்காரர், யூதர். இரண்டும் அவருக்கு எதிராகவே நின்றன. அக்டோபர் 15 அன்று கைது. டிசம்பர் 22 அன்று மூடிய அறையில் ராணுவ நீதிமன்றம் ஒருமனதாக ஆயுள் தண்டனை விதித்தது. நீதிபதிகளுக்கு மட்டும் ஒரு ரகசியக் கோப்பைக் காட்டினார்கள். குற்றவாளிக்கும் அவர் வக்கீலுக்கும் அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. 1895 ஜனவரி 5 அன்று படை அணிவகுத்து நிற்க, அவருடைய சின்னங்களைப் பிய்த்தெறிந்து வாளை முறித்தார்கள். தென்னமெரிக்கக் கரைக்கு அருகே சாத்தான் தீவு என்ற சின்னஞ்சிறு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். காவலர்கள் அவரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது உத்தரவு.

பிக்கார் இந்தக் கதையில் நுழைவது இங்கேதான். அவரும் அல்சாஸ்காரர். 1854-இல் ஸ்திராஸ்பூரில் பிறந்தவர். கெட்டிக்காரர், பல மொழி தெரிந்தவர். 1894-இல் திரேஃபுஸ் கைதான அன்று காலை, அமைச்சகத்துக்கு வந்த திரேஃபுஸை வரவேற்று உள்ளே அழைத்துப்போனவரே இவர்தான். விசாரணை நடந்தபோது உட்கார்ந்து பார்த்து அமைச்சருக்கு அறிக்கை கொடுத்தவரும் இவர்தான். திரேஃபுஸ் குற்றவாளி என்றே நம்பினார். அந்தக் காலத்து அதிகாரிகள் பலரைப் போலவே யூதர்கள் மேல் அவருக்கு வெறுப்பும் இருந்தது. மிசியே இதைச் சொன்னபோது எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. கதாநாயகன் ஆரம்பத்திலிருந்தே நல்லவனாக இருக்க வேண்டாமா? பிறகுதான் புரிந்தது, இந்தக் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பிடித்த ஆளுக்காக நியாயம் பேசுவது யாருக்கும் வரும்.

1895 ஜூலையில் பிக்கார் அந்தப் புள்ளியியல் பிரிவுக்குத் தலைவரானார். அடுத்த ஏப்ரலில் லெப்டினன்ட் கர்னல். வயது 41. மேலே ஏறுவதற்குப் படிக்கட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

1896 மார்ச்சில் அதே குப்பைக்கூடை வழியாக இன்னொரு காகிதம் வந்தது. பாரிஸில் அந்நாளில் குழாய் வழியே காற்றழுத்தத்தில் அனுப்பும் அவசரத் தபால் உண்டு. நீல நிறக் கடிதம், அதனால் 'பெத்தி ப்ளே', சின்ன நீலம் என்பார்கள். ஜெர்மன் தூதரகத்து ராணுவ அதிகாரி ஒருவர் எழுதிவிட்டு, அனுப்பாமல் சுக்குநூறாகக் கிழித்துப் போட்ட கடிதம் அது. முகவரியில் இருந்த பெயர் எஸ்தெராஸி. பிரெஞ்சுக் காலாட்படை மேஜர். கழுத்துவரை கடன், ஊதாரி.

புதிதாக ஓர் ஒற்றன் கிடைத்தான் என்றுதான் பிக்கார் நினைத்தார். ஆகஸ்டில் எஸ்தெராஸி தனக்கு அமைச்சகத்தில் வேலை வேண்டும் என்று எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு வந்தன. எழுத்தைப் பார்த்ததும் எங்கோ பார்த்த எழுத்தாகத் தெரிந்தது. மேஜை இழுப்பறையில் இருந்த 1894-ஆம் வருஷத்துப் பட்டியலின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒத்துப்போவதாகச் சொல்லக்கூட இடமில்லை, இரண்டும் ஒரே எழுத்து.

அந்த நிமிஷத்தை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் எல்லாரும் போய்விட்ட நேரம். இரண்டு காகிதம். இதுவரை நம்பியது பொய். சாத்தான் தீவில் கிடப்பவன் நிரபராதி. இது இப்போது உலகத்தில் தனக்கு மட்டும் தெரியும்.

பிரிவின் ஆவணக் காப்பாளர் கிரிபெலின் என்பவர். அவரிடம் அந்த ரகசியக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நீதிபதிகளை நம்பவைத்த கோப்பு என்றால் ஏதாவது பலமாக இருக்கும் அல்லவா? திரேஃபுஸுக்கு எதிராக அதில் ஒன்றுமே இல்லை.

மேலதிகாரிகளிடம் போனார். தலைமைத் தளபதி புவாதெஃப்ர், துணைத்தளபதி கோன்ஸ். இரண்டையும் முடிச்சுப் போடாதே, எஸ்தெராஸி வேறு, திரேஃபுஸ் வேறு என்றார்கள். 1896 செப்டம்பர் 15 அன்று கோன்ஸோடு நடந்த பேச்சைப் பிக்கார் பின்னாளில் சாட்சியத்தில் சொல்லியிருக்கிறார். அந்த யூதன் தீவில் கிடந்தால் உனக்கு என்ன என்று கோன்ஸ் கேட்டார். அவர் நிரபராதி ஆயிற்றே என்றார் பிக்கார். நீ வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று பதில் வந்தது. நீங்கள் சொல்வது அருவருப்பானது, என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இந்த ரகசியத்தை என்னோடு கல்லறைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதே செப்டம்பரில் தீவில் என்ன நடந்தது தெரியுமா? திரேஃபுஸ் தப்பிவிட்டதாக ஒரு பொய்ச்செய்தி இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்தது. உலகம் தம்பியை மறந்துவிடக் கூடாதே என்று அவருடைய அண்ணன் மத்தியேதான் அதைக் கிளப்பிவிட்டார். அதைக் கேட்டு மிரண்ட அமைச்சர், கைதியை இரவெல்லாம் கட்டிலோடு சேர்த்து விலங்கிடச் சொன்னார். உள்ளங்கால் முதல் உச்சிவரை வியர்க்கும் அந்த வெப்பத்தில், பூச்சிக்கடியில், காலை அசைக்க முடியாமல் பல வாரம் கிடந்தார். ஒருபக்கம் பாரிஸில் இரண்டு அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்து, உனக்கென்ன எனக்கென்ன என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிக்காரை நேரடியாகத் தண்டிக்கவில்லை. அரசாங்கத்துக்கு அதைவிட நல்ல வழிகள் தெரியும். நவம்பரில் ஏதோ ஆய்வுப்பணி என்று சொல்லி கிழக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். பிறகு அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று நகர்த்தி, கடைசியில் ஆப்பிரிக்காவில் துனீசியாவில் கொண்டுபோய் வைத்தார்கள். அவருக்குக் கீழே வேலைபார்த்த மேஜர் ஆன்ரி, அவர் போவதற்கு முன்பே ஒரு பொய்க்கடிதம் தயாரித்துவிட்டார். இத்தாலிய ராணுவ அதிகாரி ஒருவர் திரேஃபுஸ் பெயரைச் சொல்லி எழுதியது போல, உண்மைக் கடிதத் துண்டுகளை ஒட்டவைத்து நடுவில் தான் எழுதிச் சேர்த்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லறைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று சொன்ன பிக்கார் உடனே பத்திரிகைக்கு ஓடவில்லை. ராணுவ ரகசியம், சிப்பாயின் கடமை, உத்தியோகம் என்று பல கயிறுகள் அவரை இழுத்தன. ஒன்பது மாதம் பேசாமல் இருந்தார். 1897 ஏப்ரல் 2 அன்று துனீசியாவில் இருந்துகொண்டு தன் உயிலோடு ஒரு பின்னிணைப்பு எழுதினார். தனக்குத் தெரிந்ததை எல்லாம் அதில் எழுதி, தான் செத்தால் ஜனாதிபதியிடம் சேர்க்க வேண்டும் என்று முத்திரை வைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும், வேலையையும் விடக்கூடாது என்று ஒரு மனிதன் தேடிய நடுவழி அது. அந்த ஜூனில்தான், ஆன்ரியிடமிருந்து மிரட்டல் தொனியில் ஒரு கடிதம் வந்த பிறகு, விடுப்பில் பாரிஸ் வந்து தன் பால்ய நண்பரான வக்கீல் லெப்லுவாவிடம் மனம் திறந்தார். அப்போதும் திரேஃபுஸ் குடும்பத்துக்குச் சொல்லக்கூடாது என்று நிபந்தனை. லெப்லுவா செனட்டின் துணைத்தலைவர் ஷெரர்-கெஸ்னரிடம் சொன்னார். அங்கிருந்து பற்றிக்கொண்டது.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். அண்ணன் மத்தியே 1897 நவம்பரில் எஸ்தெராஸியைப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். 1898 ஜனவரி 11 அன்று ராணுவ நீதிமன்றம் எஸ்தெராஸியை விடுதலை செய்தது. 13 அன்று ஸோலாவின் கடிதம் வந்தது. அதே நாள் பிக்காரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் போட்டார்கள். பிப்ரவரியில் ராணுவத்திலிருந்து நீக்கம். அவரை மாட்டிவைக்க முன்னமே பொய்த்தந்திகள் அனுப்பியிருந்தார்கள். அவருடைய அந்தரங்கத்தைக் கிளறி, அவர் நேசித்த பெண்ணின் குடும்பத்தையும் உடைத்தார்கள். சாட்சி சொல்ல ஆன்ரி வந்தார். பக்கத்தில் கிரிபெலினும் வந்தார். அந்த ஆவணக் காப்பாளர்தான், சாவியை வைத்திருந்தவர். பிக்கார் ரகசியக் கோப்பை வக்கீலுக்குக் காட்டியதாக இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

அந்தச் சின்ன நீலக் கடிதமும் தப்பவில்லை. முகவரியில் இருந்த பெயரைச் சுரண்டிவிட்டு மறுபடி அதே பெயரை எழுதிவைத்தார்கள். பார்ப்பவனுக்கு என்ன தோன்றும்? வேறு பெயரை அழித்துவிட்டு எஸ்தெராஸி பெயரைப் பிக்கார்தான் போட்டார் என்று தோன்றும். ஆனால் பிக்கார் அந்தக் கடிதம் வந்தபோதே படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அந்தப் படத்தில் சுரண்டல் இல்லை.

1898 ஜூலையில் போர் அமைச்சர் கவேஞ்யாக் நாடாளுமன்றத்தில் மூன்று கடிதங்களை வாசித்து, திரேஃபுஸ் குற்றத்துக்கு இதோ சாட்சி என்றார். சபை கைதட்டியது. நாடு முழுக்கச் சுவரொட்டி ஒட்டச் சொன்னார்கள். ஒற்றை ஆளாகப் பிக்கார் பிரதமருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். முதல் இரண்டு கடிதத்துக்கும் திரேஃபுஸுக்கும் சம்பந்தமில்லை, மூன்றாவது பொய்க்கடிதம், எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கத் தயார் என்றார். ஜூலை 13 அன்று மறுபடி கைது. ஒரு மாதம் கழித்து, அமைச்சருடைய அலுவலகத்திலேயே வேலைபார்த்த காப்டன் கூயிஞே என்பவர் இரவில் விளக்கு வெளிச்சத்தில் அந்த மூன்றாவது கடிதத்தைப் பார்த்தார். ஒட்டிய தாள்களின் கட்டங்களில் கோடு ஒரு பகுதியில் ஒரு நிறம், இன்னொரு பகுதியில் வேறு நிறம். ஆன்ரி ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 31 அன்று சிறையறையில் கழுத்தறுந்து கிடந்தார். பக்கத்தில் சவரக்கத்தி.

பொய் வெளிப்பட்ட பிறகும் பிக்காரை விடவில்லை. செப்டம்பரில் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, என் அறையில் நாளைக்கு இப்படி ஒரு சவரக்கத்தி கிடந்தால் அது கொலை, என்னைப் போன்றவன் தற்கொலை செய்துகொள்ள மாட்டான் என்று எல்லார் முன்னிலும் சொன்னார். 1899 ஜூன் 9 அன்றுதான் வெளியே வந்தார். ஏறக்குறைய பதினோரு மாதச் சிறை.

இனி என் கதை. சின்னக் கதைதான்.

1971-இல் நான் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பிரெஞ்சில் படித்தவனுக்கு ஆங்கிலத்தில் நோட் போட வராது. பல வருஷம் தபால் பிரிவிலேயே கிடந்தேன். 1983-இல் எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம். அப்போது ஒரு கோப்பு காணாமல் போனது. பணம் சம்பந்தப்பட்ட கோப்பு. தணிக்கையில் கேட்டார்கள். அதை வாங்கவே இல்லை என்று ஓர் அதிகாரி சொன்னார். அப்படியானால் கொண்டுபோன பியூன்தான் தொலைத்தார் என்று ஆனது. பெரியவர், ஓய்வுபெற நாலு வருஷம் இருந்தது, எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் தெரியும்.

எங்கள் தொழிலில் பியூன் புத்தகம் என்று ஒன்று உண்டு. தபாலைக் கொடுத்துவிட்டு, வாங்கியவரிடம் அதில் சுருக்கொப்பம் வாங்கிவர வேண்டும். தினமும் சாயங்காலம் அந்தப் புத்தகத்தைச் சரிபார்ப்பது என் வேலை. அன்றைக்கு நான் பார்த்தேன். அந்த வரிக்கு எதிரே அதிகாரியின் சுருக்கொப்பம் பச்சை மையில் இருந்தது. விசாரணைக்குப் புத்தகத்தை எடுத்தபோது மறுபடி பார்த்தேன். இடம் காலியாக இருந்தது. கொஞ்சம் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். அந்த இடத்தில் மட்டும் காகிதம் மெலிந்து வெளிச்சம் வந்தது. பிளேடால் சுரண்டியிருந்தார்கள். லெட்ஜரில் தப்பு விழுந்தால் நாங்களும் அப்படித்தான் சுரண்டுவோம், அதனால் பார்த்தவுடன் தெரியும்.

சூப்பரின்டென்டென்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், என் கல்யாணத்துக்கு வந்தவர்.

"உன்னை யாராவது கேட்டாங்களா தம்பி?"

"இல்ல சார்."

"கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லிடு. அதுல பொய் என்ன இருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை தபால் பார்க்கிற. லிஸ்ட் வர்ற நேரம், உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்று சொன்னேன். பெரியவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பாதிச் சம்பளம் பிழைப்பூதியம். எனக்குப் பதவி உயர்வு வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

பத்து மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். தலையில் மூட்டை, முகத்தை மறைத்துத் துண்டு. பணிநீக்கத்தில் இருப்பவர் வேறு வேலை பார்க்கக் கூடாது, பார்ப்பதில்லை என்று எழுதிக்கொடுத்தால்தான் அந்தப் பாதிச் சம்பளம். என்னைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டார். நான் போய்ச் சொல்லிவிடுவேன் என்று பயந்தார். என்னைப் பார்த்து அவர் பயந்தார்! அதை இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அன்று சாயங்காலம் ரொமேன் ரோலான் நூலகத்துக்குப் போய், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தொடாத அந்தக் கதையை எடுத்துப் படித்தேன். பிக்காரைத் தேடித்தான் போனேன். நீயும் ஒன்பது மாதம் பேசாமல்தானே இருந்தாய் என்று அவரிடம் ஆறுதல் கேட்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் என் கண்ணில் பட்டது கிரிபெலின்தான். சாவி வைத்திருந்தவர், எல்லாம் பார்த்தவர், மேலே இருப்பவர் சொன்னதைச் சொன்னவர். பிக்கார் பேசாமல் இருந்த காலத்தில் ஏற்கெனவே தன் பதவியை இழந்து ஆப்பிரிக்காவில் இருந்தார். நான் பேசாமல் இருந்த காலத்தில் பதவி உயர்வு வாங்கிக் கேசரி சாப்பிட்டேன்.

மறுவாரம் விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். என் ஓட்டை ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இன்ன தேதியில் இன்ன மையில் இன்னாருடைய சுருக்கொப்பத்தைப் பார்த்தேன், முன்பு சொன்னது தவறு, அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்று. பிடித்துப் பார்த்தார். பெரியவரை மறுபடி வேலையில் சேர்த்தார்கள். அந்த அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு இடத்துக்குப் போனார். பொய் சாட்சி சொன்னதற்காக எனக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம், அது நியாயம்தான். பிறகு யானாமுக்கு மாற்றல். புதுச்சேரியிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல், பேசுவது தெலுங்கு. பிக்காருக்குத் துனீசியா, எனக்கு யானாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியவர் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. "ஒங்க பேரைச் சொல்லித்தான் சார் வீட்டுல விளக்கேத்துறோம்" என்றார். விசாரணையில் நான் எழுதிக்கொடுத்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். முதல் நாளே எனக்குத் தெரியும் என்பதும், பத்து மாதம் ஞாபகம் இல்லை என்று உட்கார்ந்திருந்ததும் அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிக்கார் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் நாம் எதிர்பார்ப்பது போல இல்லை. 1899-இல் ரென் நகரில் மறுவிசாரணை நடந்தது. திரேஃபுஸ் குற்றவாளி என்று மறுபடியும் தீர்ப்பு, பத்து வருஷம். உடனே ஜனாதிபதி மன்னிப்பு தந்தார். அதை ஏற்கக் கூடாது, நிரபராதிக்கு மன்னிப்பு எதற்கு என்று பிக்கார் பிடிவாதமாக நின்றார். தீவில் நாலு வருஷம் கிடந்து உடம்பு ஓடாகிப்போன திரேஃபுஸ் ஏற்றுக்கொண்டார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. விலங்கில் கிடந்தவன் காலை விட்டால் போதும் என்று நினைப்பதை வெளியில் இருப்பவன் குறை சொல்லக் கூடாது. மன்னிப்பை வாங்கிக்கொண்ட திரேஃபுஸும் குற்றமற்றவன் என்ற தீர்ப்புக்காக மேலும் ஏழு வருஷம் போராடினார். 1906 ஜூலை 12 அன்று உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது.

மறுநாள் இருவரையும் ராணுவத்தில் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பிக்கார் ஜெனரல் ஆனார், அதுவும் மூன்று வருஷம் முன்தேதியிட்டு. திரேஃபுஸ் மேஜர் ஆனார், அன்றைய தேதியிலிருந்து. சீனியாரிட்டி லிஸ்ட் பார்த்தே தலை நரைத்தவன் நான், இதன் கனம் எனக்குத் தெரியும். சிறையில் போன வருஷங்கள் திரேஃபுஸுக்குக் கணக்கில் வரவில்லை. அந்த அக்டோபரில் கிளெமான்சோ பிரதமராகி, பிக்காரைப் போர் அமைச்சராக்கினார். எந்த அமைச்சகம் அவரைத் துரத்தியதோ அதே அமைச்சகத்துக்குத் தலைவர். திரேஃபுஸ் அவரிடம் போய்த் தன் வருஷங்களைக் கேட்டார். பிக்கார் செய்து தரவில்லை. 1907-இல் திரேஃபுஸ் ராணுவத்தை விட்டு விலகினார். முதல் உலகப்போரில் வயதான காலத்திலும் திரும்பி வந்து நாட்டுக்காக உழைத்தார். 1935-இல்தான் இறந்தார். பிக்கார் 1914 ஜனவரியில் குதிரையிலிருந்து விழுந்து, போரைப் பார்க்காமலே போய்விட்டார்.

சிறுவயதில் மிசியே இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை. நானாகப் பின்னாளில் படித்ததுதான். ஆரம்பத்தில் வருத்தமாக இருந்தது. சிறைக்கும் அவமானத்துக்கும் அசையாத மனிதன், நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு சின்ன நியாயத்தைச் செய்யவில்லையே என்று. இப்போது வேறுமாதிரி தோன்றுகிறது. உறுதி என்பது ஒருமுறை சம்பாதித்து வங்கியில் போட்டுவைக்கிற பணம் மாதிரி இல்லை. கஷ்டம் வரும்போது ஒருமுறை, ஆசை காட்டும்போது ஒருமுறை, நிலைமை மாறி நாமே மேலே வந்துவிடும்போது இன்னொரு முறை என்று ஒவ்வொரு தடவையும் கையில் காசு எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. பிக்கார் பெரிய தொகையைக் கட்டியவர், சின்னத் தொகையில் பாக்கி வைத்தார்.

என் பாக்கியும் ஒன்று இருக்கிறது. யானாமிலிருந்து நான் திரும்பி வந்தபோது பெரியவர் ஓய்வுபெற்றுவிட்டார். கடற்கரையில் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், அடுத்தமுறை என்று தள்ளிப்போடுவேன். 1996-இல் காலமானார். அவர் பிள்ளைகள் எங்கிருக்கிறார்களோ தெரியாது. கல்லறைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று ஒரு கர்னல் சொன்னதைப் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கேட்டவன், எழுபதைத் தாண்டி இன்றைக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவரே, அந்தப் பச்சை மையை நான் முதல் நாளே பார்த்தேன்.